ரத்தம் காய்ச்சிய வாரம்

திரையில் என் பெயர் வந்தது ஒரே ஒரு முறைதான். பெயருக்கு முன்னால் "ரத்தம்" என்று போட்டிருந்தார்கள். இசைக்கு ஒருவர், ஒளிப்பதிவுக்கு ஒருவர், ரத்தத்துக்கு நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. கொஞ்ச காலமாகவே எனக்கு எதுவும் வர வேண்டிய நேரத்தில் வருவதில்லை.

நான் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவள். இருபத்திரண்டு வருசமாக அதே விறகடுப்பு, அதே வெக்கை. பதம் பார்க்க எங்களிடம் மெஷின் எதுவும் கிடையாது. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டி எடுத்துத் தட்டில் போட்டால் கல் விழுந்த சத்தம் வர வேண்டும். முன்னாலேயே இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும். இந்த ஒரு வித்தையை வைத்து ஒரு மகளைப் படிக்க வைத்தேன், கழுகுமலையில் கட்டிக் கொடுத்தேன், ஒரு குடிகாரரோடு முப்பது வருசம் குடும்பமும் நடத்தினேன். என் வீட்டுக்காரர் இறந்து நாலு வருசமாகிறது.

போன மாசியில் பட்டறைக்கு ஒரு பெண் வந்தாள். இடைசெவல்காரி. இஞ்சினியரிங் முடித்துவிட்டு சினிமா எடுக்கிறேன் என்று திரிகிறவள். முதலில் "ஆன்ட்டி" என்றாள், நான் திரும்பவில்லை. "பெரியம்மா" என்றதும் திரும்பினேன். குடிக்கிற மாதிரி ரத்தம் வேண்டும் என்றாள். சென்னையிலிருந்து பாட்டிலில் ஒன்று வரவழைத்தார்களாம். அதைக் குடித்த கதாநாயகன் ரெண்டு நாளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாட்ஜில் கிடக்கிறானாம். வயிற்றுக்கு ஒன்றும் செய்யக் கூடாது, உதட்டில் ஒட்ட வேண்டும், தாடையில் மெதுவாக இறங்க வேண்டும், பாகு மாதிரி என்று அவளே சொன்னாள். ஊரில் விசாரித்தபோது எல்லோரும் என்னைக் கை காட்டியிருக்கிறார்கள்.

கதை என்ன என்று கேட்டேன். எதற்குக் காய்ச்சுகிறோம் என்று தெரியாமல் நான் அடுப்பு பற்ற வைப்பதில்லை. அவள் வெல்ல மூட்டை மேல் உட்கார்ந்து சொன்னாள். தீப்பெட்டி செய்கிற ஆபீஸில் ஒரு மேஸ்திரி. ஒருநாள் அவனுக்கு ரத்தத் தாகம் பிடித்துவிடுகிறது. அவன் பெண்டாட்டிக்கு அவன் என்றால் உயிர். அவன் வெளியே போய் யாரையாவது கடித்துவிடக் கூடாதே என்று கறிக்கடையிலிருந்து தூக்குச்சட்டியில் ஆட்டு ரத்தம் வாங்கிவந்து கொடுக்கிறாள். அது பத்தாமல் போகிறது. தன் கையைக் கீறிக் கொடுக்கிறாள். குடித்த நாளில் அவன் அவளிடம் ஆசையாகப் பேசுகிறான், குடிக்காத நாளில் அவளைத் தெரியாதவன் மாதிரி பார்க்கிறான். பேயும் காதலும் சேர்ந்த படம் என்றாள்.

அந்தத் தாகம் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "எப்படி வந்தா என்ன பெரியம்மா, வந்துட்டுது. இனி அவ என்ன செய்யுதாங்கதுதான் கதை" என்றாள்.

எனக்கு வேலை கிடக்கிறது என்று அப்போதே எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வா, காய்ச்சித் தருகிறேன் என்றேன்.

என் வீட்டுக்காரர் மினிபஸ் ஓட்டினவர். குடித்துவிட்டு அடிக்கிற, சட்டியை உடைக்கிற ஆள் இல்லை. குடித்தால்தான் அவருக்குப் பேச்சே வரும். "ஏட்டி, இங்கன வந்து உக்காரு" என்று கூப்பிட்டு, பஸ்ஸில் ஏறினவர்களைப் போலவே பேசிக் காட்டுவார். வயிறு வலிக்கச் சிரிப்பேன். குடிக்காத பொழுதில் அவர் ஊமை. சோறு வேண்டும் என்பதற்குக்கூடத் தட்டைத்தான் நகர்த்துவார். கல்யாணமான புதிதில் இதை வைத்து நானே அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

அவருக்குக் கூட்டாளி என்று ஒரே ஒருவர்தான். இடைசெவல் பக்கம் ஆடு வைத்திருக்கிறவர். சொந்தமில்லை, ஆனால் என்னை மதினி என்பார், என் மகளுக்குச் சித்தப்பா. ரெண்டு பேரும் சேர்ந்து குடித்தவர்கள்தான், மறைக்க ஒன்றுமில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு ஈரல் போய்விட்டது, இனித் தொட்டால் ஆளைத் தக்கவைக்க முடியாது என்று சொன்ன அன்றைக்கே ஆட்டுக்காரர் என்னிடம் வந்து, இனித் தன் கையால் ஒரு சொட்டு வாங்கித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் தானே கடைக்கு நடந்தார். பைபாஸ் ரோட்டில் ரெண்டு முறை விழுந்து கிடந்தார். ரெண்டு முறையும் யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். மூன்றாவது முறை லாரிக்கு அடியில் போவார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அதனால் நான் வாங்க ஆரம்பித்தேன். உள்ளூரில் வாங்கினால் நாறிவிடும் என்று எட்டயபுரத்துக்கு பஸ் ஏறுவேன். அங்கே கடை வாசலில் என்னைக் கண்டதும் ஆம்பளைகள் தாங்களாகவே விலகி வழிவிடுவார்கள். அந்த மரியாதை எனக்கு ரேஷன் கடையில்கூடக் கிடைத்ததில்லை. பாட்டிலைக் காய்கறிப் பைக்குள் முருங்கைக்காய்க்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து, காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று அளந்து கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பாகு காய்ச்சுகிறவளுக்குப் பதம் தெரியாதா என்ற திமிர்தான். மூன்று வருசம் அப்படி ஓடியது. அளவு குறையவே இல்லை.

அவர் இறந்த அன்று ஆட்டுக்காரர் மாலையோடு வந்தார். என் மகள் வாசலிலேயே மறித்துவிட்டாள். "நீதான வாங்கிக் குடுத்துக் கொன்ன, உள்ள வராத" என்றாள், ஊர் முன்னால். நான் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் வாங்காமல் வேறு யார் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்தால் யாருக்கும் தெரிந்துவிடும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மாலையை வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு எங்கள் தெருவுக்கே அவர் வரவில்லை.

ஒவ்வொரு திவசத்துக்கும் மகள் வருவாள். அப்பா படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, அவருக்கு வாங்கிக் கொடுத்த கை அழுகிப் போகட்டும் என்று சாபம் விடுவாள். அப்போது நான் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வருசமும் நினைப்பேன். சொன்னால் அவள் வருவது நின்றுவிடும். எனக்கென்று மிச்சமிருக்கிறது அவள் ஒருத்திதான். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்பேன்.

படப்பிடிப்பு கழுகுமலை ரோட்டில், மூடிக் கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நடந்தது. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, உச்சிவெயிலில் ராத்திரி ஆக்கியிருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே அந்த ராத்திரி எங்கள் அடுப்படியைவிட வெந்தது. முதல்நாள் கேசரிப் பவுடர் போட்டுக் காய்ச்சினேன். ரோஸ் மில்க் மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அதுவே பிடித்திருந்தது. நான்தான் ஆகாது என்றேன். ஓடும்போதுதான் ரத்தம் சிவப்பு, அஞ்சு நிமிசத்தில் கறுக்க ஆரம்பித்துவிடும் என்றேன். மறுநாள் கறுத்த வெல்லமாகப் பார்த்து எடுத்து, கம்பிப் பதத்துக்கு முன்னாலேயே இறக்கி, சோளமாவு கொஞ்சம் கரைத்து ஊற்றி, சிவப்பைக் குறைத்துப் போட்டேன். தட்டில் ஊற்றிச் சாய்த்ததும் கேமராக்காரப் பையன் ரெண்டு எட்டு பின்னால் போனான்.

கஷ்டம் எல்லாம் எறும்பால்தான். கதாநாயகி கையைக் கீறி நாலு சொட்டு விழுவதற்குள் சுவரிலிருந்து வரிசை கட்டி வந்துவிடும். காதல் காட்சி நடந்துகொண்டிருக்கும், அவள் காலை உதறுவாள். கதாநாயகன் நல்ல பையன், தூத்துக்குடிக்காரன். ஒரே நாளில் பதினாலு தடவை அவள் மணிக்கட்டில் வாய் வைத்து உறிஞ்சியதில் கடைவாய்ப் பல் வலி வந்து, உப்புத்தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கொப்பளித்துக்கொண்டே இருந்தான். பேய்க்குப் பல்வலி என்று எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். யாரோ காரியம் கேட்கிறார்கள், நான் காய்ச்சுகிறேன், அவ்வளவுதான்.

நாலாம் நாள் வாந்திக் காட்சி. அவன் குடிப்பதை நிறுத்தப் பார்க்கிறான், முடியவில்லை, பழைய ரத்தத்தைக் கக்குகிறான். அந்தப் பெண் அதே சிவப்புப் பாகைக் கேட்டாள். இது வேறு என்று சொல்லிவிட்டு நான் டீக்கடைக்குப் போய்க் காப்பி வடித்த மண்டியை வாங்கி வந்தேன். பாகில் அதைக் கலந்து, தண்ணீர் விட்டு இளக்கிக் கொடுத்தேன். அவன் அதை வாயில் வைத்துக்கொண்டு தரையில் கக்கினான். வெல்லமும் காப்பியும் சேர்ந்த நல்ல வாசனைதான் வந்தது, ஆனாலும் ரெண்டு பேர் மூக்கைப் பொத்தினார்கள். எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் கேட்டாள். பார்த்திருக்கிறேன் என்றேன். கடைசி நாள் காலையில் என் வீட்டுக்காரர் ரெண்டு பேசின் நிறைய அப்படித்தான் எடுத்தார். ரெண்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை. மகள் கழுகுமலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

படப்பிடிப்பின் கடைசி நாள், அவன் குடிக்கும்போது பெண்டாட்டியின் முகத்தை மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. அந்த நடிகை ஒவ்வொரு தடவையும் அழுதாள். நன்றாகவே அழுதாள். படம் எடுக்கிற பெண்ணுக்கு எதுவோ சரிப்படவில்லை, மறுபடி மறுபடி எடுத்தாள். ஓரத்தில் கரண்டியோடு நின்ற என்னைப் பார்த்து, நீங்க சொல்லுங்க பெரியம்மா என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"அழ மாட்டா," என்றேன். "பிள்ளை பால் குடிக்கும்போது பாப்பம்லா, அப்படிப் பாப்பா. இப்பப் பேச ஆரம்பிச்சிருவாருன்னு வாயப் பாத்துட்டே இருப்பா."

அந்தப் பெண் என்னை ஒரு நிமிசம் பார்த்தாள். நடிகையிடம் போய் மெதுவாகச் சொன்னாள். அடுத்த தடவையே சரியாக வந்துவிட்டது.

படம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் சின்னக் கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்து, வெள்ளைத் துணி கட்டி, வேலை பார்த்தவர்களுக்கும் வீட்டாருக்கும் போட்டுக் காட்டினார்கள். மகள் தன் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். அம்மா பேர் சினிமாவில் வருகிறது என்று கழுகுமலையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

பெயர் வந்தபோது சிரித்தவள், தூக்குச்சட்டியோடு அந்தப் பெண்டாட்டி கறிக்கடையில் நின்றபோது சிரிப்பை நிறுத்தினாள். கையைக் கீறிய இடத்தில் என் பக்கம் சாய்ந்து, "லூசா இவ? விட்டுட்டுப் போக வேண்டியதுதான?" என்றாள். நான் திரையையே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே மறுபடி, சித்தப்பாவும் அப்பா மேல் பாசத்தில்தான் வாங்கிக் கொடுத்திருப்பார், இதே மாதிரி, பாவி என்றாள். நாலு வருசத்தில் முதல்முறையாக அவள் குரலில் கோபம் இறங்கியிருந்தது. அவள் அவரை மன்னிக்கத் தொடங்குகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவர் செய்யாத ஒன்றுக்காக அவரை மன்னிக்கப் போகிறாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"வாங்கிக் குடுத்தது அவரு இல்ல," என்றேன். "நாந்தான்."

அவள் திரும்பவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் சொன்னதற்குப் பிறகு, மூன்று வருசம் என்றேன். எங்கிருந்து வாங்கினாய் என்றாள். எட்டயபுரம் என்றேன். திரையில் அந்தப் பையன் என் பாகைக் குடித்துக்கொண்டிருந்தான், அந்த நடிகை அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். மகளின் கைகள் மடியில் கிடந்தன. அந்த இடைசெவல் பெண் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தபோது மகள் தள்ளி நின்றாள். பிறகு என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, சித்தப்பா வீடு இன்னும் அங்கனதான் இருக்கா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும், ஒரு மூச்சு அழுதுவிடலாம் என்று நாலு வருசமாக நினைத்திருந்தேன். ஆட்டோவில் உட்கார்ந்து அழுகைக்காகக் காத்திருந்தேன். வீடு வந்துவிட்டது. இறங்கி, காய்ந்த துணியை எடுத்து மடித்தேன். நான் சொன்னது பாதிதான். மீதி ஒன்று இருந்தது. அது எனக்கும் இறந்துபோனவருக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் கழித்து, மத்தியானம் பட்டறையில் இருக்கும்போது போன் வந்தது. கரண்டியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். மகள் ஆட்டுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். காலில் விழுந்திருக்கிறாள். அவர் அவளைத் தூக்கிவிட்டு, டீ போட்டுக் கொடுத்து, என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லையாம். ஆனால் உங்க அப்பா நல்ல மனுசன், நிறுத்தத்தான் பார்த்தார் என்று சொல்லியிருக்கிறார். சாவதற்கு ரெண்டு மாசம் முன்னால் என் வீட்டுக்காரரே கேட்டு, ஆட்டுக்காரர்தான் கூட்டிப்போய்க் கோவிலில் கயிறு கட்டி விட்டாராம்.

எங்கள் பக்கத்தில் குடியை விட நினைப்பவர்கள் சாமி முன்னால் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்பார்கள். டாக்டருக்குப் பயப்படாத ஆளும் அதற்குப் பயப்படுவான். நானும் பயந்தவள்தான்.

"பதினோரு நாள் தொடலையாம்லா?" என்றாள் மகள்.

"ஆமா."

"ஆஸ்பத்திரியில நான் அப்பா கையப் பிடிச்சிட்டேதான் இருந்தேன். கயிறு இல்லையேம்மா."

உள்ளே பாகைத் தட்டில் போடும் சத்தம் கேட்டது.

"அப்பாவா கயித்த அறுத்தாவ?"

இல்லை என்று சொன்னேன். பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னேன். முதல் நாலைந்து நாள் கை நடுங்கியது, வேர்த்தது. அப்புறம் முகம் தெளிந்தது. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். ஒரு சொல் பேசவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் குறுக்கே போனால் ரோட்டில் பஸ் போவதைப் போலப் பார்ப்பார். பன்னிரண்டாம் நாள் காலையில் அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கயிறு இருந்தால்தானே ரத்தம் கக்கும் என்று நினைத்தேன். சூடம் கொளுத்திச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அரிவாள்மணையை எடுத்துவந்து அவர் கையைப் பிடித்து நானே அறுத்தேன். டம்ளரில் ஊற்றி நீட்டினேன். டாக்டரிடம் கேட்டால், அந்த ஈரலுக்கு எப்படியும் அதே கதிதான் என்று சொல்லக்கூடும். நான் கேட்கவில்லை.

"அப்பா குடிக்கேன்னாவளா?" மகளின் குரல் சின்னப் பிள்ளை குரலாக இருந்தது.

"இல்ல. வேண்டாம்ட்டின்னாவ. ரெண்டு தடவை சொன்னாவ." எனக்கு இன்னமும் அழுகை வரவில்லை. "வேண்டாம்னு சொல்லத்தான் அவிய வாயத் தொறந்தது. எனக்கு அவிய பேசினது மட்டுந்தான் கேட்டுது."